கோடு காட்டத் தகுந்த படம் யாது? தாம்பரம் வட்டாரப் பழைய டிவித் திரை குறித்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பழைய டிவியைப் பற்றி எவர் எழுதினாலும் பக்கத்தில் ஒரு படம் போட்டாக வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் திரையின் குறுக்கே கறுப்புக் கோடுகள் கட்டாயம் ஓடும். ஓவியர் வரைந்தால் இருபது கோடு, கம்ப்யூட்டரில் ஃபில்டர் போட்டால் நூறு கோடு. எண்பதுகளைக் காட்ட விரும்பும் குறும்படக்காரர்கள் கதாநாயகன் முகத்தின்மேல் கோடு இழுத்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்களும் ‘ஓ, அந்தக் காலம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கோட்டைக் கண்டார்களா? கண்டார்கள் எனின், எதன்மேல் கண்டார்கள்? அதைக் காட்ட ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் உண்டு எனின், எதைப் போடுவது? இம்மூன்று ஐயங்களையும் நீக்குதல் இந்நூலின் பயன்.

நூலுக்கு எல்லை சொல்வது மரபு. தொல்காப்பியப் பாயிரத்துக்கு வேங்கட மலையும் குமரியும் எல்லை. இந்நூலுக்கு வடக்கே பரங்கிமலை, தெற்கே வண்டலூர், மேற்கே அனகாபுத்தூர், கிழக்கே மேடவாக்கம். இந்நிலத்தின் பெரும்பகுதி 2021 நவம்பர் முதல் தாம்பரம் மாநகராட்சி.

ஏன் இந்த வட்டாரம் என்று கேட்பாருக்கு விடை: இந்தியத் தொல்பழங்கால ஆய்வே இங்கேதான் தொடங்கியது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் சரளைக்கல்லுக்கு நடுவே ஒரு கைக்கோடாரியைக் கண்டெடுத்தார். கற்கால மனிதன் இந்நாட்டில் வாழ்ந்தான் என்பதற்கு அந்த ஒரு கல் போதுமாயிருந்தது. அதே பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் இன்று பிக்சர் ட்யூப் டிவிகள் கிடைக்கின்றன. பழைய மிக்ஸிக்கும் கழற்றிய ஃபேன் இறக்கைக்கும் நடுவில் முகம் குப்புறக் கிடக்கும். “ஓடுமாண்ணே?” என்றால், “சூப்பரா ஓடும் சார், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாருங்க” என்பார்கள். தெருவில் பிளக் பாயின்ட் கிடையாது. ஃபூட்டும் தம் கோடாரியை வெட்டிப் பார்த்து வாங்கவில்லை.

பொருளின் இயல்பு

டிவித் திரையில் முழுப் படம் என்று ஒன்று எந்தக் கணத்திலும் இருந்ததில்லை. ட்யூபின் கழுத்திலிருந்து புறப்படும் ஒரு மின்னணுக் கதிர் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும், சட்டென்று திரும்பும், அடுத்த கோட்டை இழுக்கும். அனகாபுத்தூர்த் தறியில் ஊடை விழுவது போலத்தான். ஆனால் தறியில் நாடா திரும்பி வரும்போதும் நூல் விழும், டிவியில் திரும்பும்போது கதிர் அணைந்திருக்கும். நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடு. அவற்றையும் வரிசையாக இழுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள் எல்லாம், பிறகு மேலே போய் இரட்டைப்படைக் கோடுகள் எல்லாம். அரைப் படங்கள் வினாடிக்கு 50, முழுப் படங்கள் 25, கோடுகள் 15,625.

இந்த எண்ணை உள்ளூர் அளவைக்கு மாற்றுவோம். 20 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். ஆகவே கதிர் வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் தூரம் கோடு போடுகிறது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்ட அந்தத் தடத்தில் ரயில் இன்றும் ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. கதிருக்கு ஐந்து வினாடி. அதற்குக் கிண்டியில் கூட்டம் ஏறுவதில்லை என்பது உண்மைதான்.

செலவுக் கணக்கும் உண்டு. அந்நாளில் டிவி வைத்திருப்பவர் தபால் நிலையத்தில் ஆண்டுக்கு 50 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் அது நீக்கப்பட்டது. 50 ரூபாயை 625-ஆல் வகுத்தால் ஒரு கோட்டுக்கு ஆண்டுக்கு 8 பைசா. இந்த 625-இல் திரைக்கு வருவது 576 மட்டுமே. மீதி 49 கோடுகள் கதிர் கீழிருந்து மேலே போகும் நேரத்தில் கழிந்துவிடும். அதாவது குடிமக்கள் தாம் பார்க்கவே முடியாத கோடுகளுக்காக ஆண்டுதோறும் 3 ரூபாய் 92 பைசா செலுத்தி வந்தார்கள். இதைக் குறித்துச் சட்டமன்றத்தில் கவன ஈர்ப்புத் தீர்மானம் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கோடு போடும் யோசனை வயலிலிருந்து வந்தது என்பதையும் பதிவு செய்கிறோம். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து விவசாயி மகன் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 14 வயதில் உழவுச் சால்களைப் பார்த்துப் படத்தையும் இப்படிச் சால் சாலாக உழலாமே என்று நினைத்தான் என்பது வரலாறு. வளர்ந்தபின் 1927 செப்டம்பர் 7 அன்று அவர் மின்னணு முறையில் அனுப்பிய முதல் படம் எது? ஒரு நேர்க்கோடு. கோட்டைக் காட்டக் கோடே போதும் என்று கருதியிருக்கிறார். 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியை அத்தனை ஆண்டுகள் ஒளிபரப்பியது நன்றிக்கடனாகத்தான் இருக்க வேண்டும். நகரவாசிகளுக்குத்தான் அது புரியாமல் போயிற்று.

பரபக்கம்

இனிப் பிறர் மதங்களைக் கூறி மறுப்போம்.

முதலாவது மொட்டைமாடி மதம். “எங்க வீட்டு டிவியில கோடு கோடா வருமே, அதானே?” என்பார்கள் இம்மதத்தார். அதுவன்று. தாம்பரத்திலிருந்து பார்த்தால் சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள தூர்தர்ஷன் கோபுரம் வடகிழக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இவ்வட்டாரத்து ஆன்டெனாக்கள் யாவும் ஈசானிய மூலையையே நோக்கி நின்றன. வாஸ்து பார்க்காமல் வாஸ்துப்படி அமைந்த ஒரே வீட்டுப் பொருள் அதுதான். அந்த மூலைக்கும் நமக்கும் நடுவே என்ன இருக்கிறது? திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். அலை நேராக வந்து ஒருமுறை, குன்றில் மோதிச் சற்றுத் தாமதமாக வந்து இன்னொருமுறை படம் வரையும்; செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய ஆவியும் உட்கார்ந்து செய்தி வாசிக்கும். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போது அதன் உடம்பில் பட்டுத் திரும்பும் அலையால் படமே மூச்சு வாங்கும். ரயிலின் மேல்கம்பியில் பொறி பறந்தால் திரையில் புள்ளிகள். வெயில் காலத்தில் எங்கோ தூரத்து நிலையத்தின் அலை வழிதவறி வந்து அதே அலைவரிசையில் சேர்ந்துகொண்டால்தான் தடித்த குறுக்குப் பட்டைகள் நெளியும். மக்கள் ‘கோடு’ என்று சொன்னது பெரும்பாலும் இந்தப் பட்டையை.

இதற்குப் பரிகாரமும் கூட்டு முயற்சியாகவே நடந்தது. மாடியில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர், ஹாலில் ஒருவர். “மாமா, இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல!” “வருதாடா?” “வந்துச்சு... ஐயோ, போச்சு! முதல்ல இருந்த மாதிரியே வையுங்க!” முதலில் எப்படி இருந்தது என்பது அந்த மாமாவுக்கு மறந்திருக்கும். இவ்வளவு பாடுபட்டு விரட்டப்பட்ட பட்டைக்கும் கதிர் போடும் கோட்டுக்கும் யாதொரு உறவும் இல்லை. பட்டை வந்தால் படம் கெடும். கோடு இல்லையென்றால் படமே கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் படம் போடுவது இம்மதத்தின் குற்றம்.

இரண்டாவது, குரோம்பேட்டை கடைகளின் இரும்பு ஷட்டர், மின்சார ரயிலின் ஜன்னல் கம்பி ஆகியவற்றைப் படமெடுத்து ‘டிவி போல’ என்று ஒட்டும் மதம். இது மறுக்கவும் தகுதியற்றது.

மூன்றாவது புடவை மதம் சற்று வலுவுள்ளது. நெருக்கமான கோடும் கட்டமும் போட்ட துணியைக் கேமராவுக்கு முன் உடுத்தினால், துணியின் கோடும் திரையின் கோடும் ஒன்றோடொன்று சிக்கி, இரண்டிலும் இல்லாத மூன்றாவது நெளி ஒன்று பிறந்து புடவைமேல் ஊர்ந்துபோகும். அதனால்தான் டிவியில் தோன்றுபவர்கள் பொடிக்கோட்டுத் துணியைத் தவிர்க்கச் சொல்லப்பட்டார்கள். ஷோபனா ரவி செய்தி வாசிக்கும்போது தமிழ்நாட்டில் பாதிப் பேர் செய்தியையும் பாதிப் பேர் புடவையையும் கவனித்தார்கள் என்பது உலகறிந்தது. ஆயினும் புடவையின்மேல் ஊர்வது கோடன்று, கோட்டின் சண்டை. சண்டையைப் படம் பிடித்தால் சண்டைதான் விழும்.

நான்காவது நெற்றி மதம். இது கவனமாகக் கையாளத்தக்கது. விபூதிப் பட்டை மூன்றும் கிடைக்கோடு. தூரக்காட்சியில் ஒரு பட்டையின் கனம் ஒரே ஒரு ஸ்கேன் கோட்டளவுக்குச் சுருங்கிவிட்டால், அது ஒற்றைப்படை வரிசையில் மட்டுமோ இரட்டைப்படை வரிசையில் மட்டுமோ விழும்; வினாடிக்கு 25 முறை தோன்றி மறையும். பக்தரின் நெற்றி துடிக்கும். நாமமோ செங்குத்து. அது எல்லாக் கோடுகளையும் வெட்டிக்கொண்டு போவதால் ஆடாமல் அசையாமல் நிற்கும். ஆகவே நமது ஒளிபரப்பு முறை வைணவச் சார்புடையது என்று ஒரு கட்சி எழலாம். 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணம் ஞாயிறு காலைகளில் தாம்பரம் கடைத்தெருவையே வெறிச்சோட வைத்ததை அக்கட்சி சான்றாகக் காட்டலாம். அற்றன்று. 1926-இல் லண்டனில் ஜான் லோகி பேர்ட் காட்டிய டிவியில் கோடுகள் வெறும் 30, அவையும் செங்குத்து. அந்த முறையே நிலைத்திருந்தால் விபூதி நிலைத்து, நாமம் தள்ளாடியிருக்கும். உலகம் கிடைக்கோட்டுக்கு மாறியதில் சமயக் காரணம் எதுவும் இல்லை என்க. இருந்தாலும், கோடு இருப்பதை ஒரு மெல்லிய பட்டையின் துடிப்பால் காட்டலாம் என்ற கருத்தை மட்டும் இம்மதத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறோம், பின்னால் உதவும்.

ஐந்தாவது மெக்கானிக் மதம். டிவியில் வெர்டிகல் ஐசி போய்விட்டால் கதிர் மேலும் கீழும் நகராது. 576 கோடுகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, இருண்ட திரையின் நட்டநடுவே பளீரென ஒற்றைக் கோடு நிற்கும். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, “வெர்டிகல் அவுட்டு” என்பார். ஃபார்ன்ஸ்வொர்த் அனுப்பிய முதல் படமும் இதுவும் பார்வைக்கு ஒன்றே. தத்துவ நோக்கில் இதைவிடச் சிறந்த படம் இல்லை. 576-உம் ஒன்றாகிவிட்ட அத்துவைத நிலை. ஆனால் வாசகருக்குக் காட்டினால், “டிவி ரிப்பேரா?” என்று கேட்பார். தள்ளுக.

ஆறாவது எண்ணிக்கை மதம். எங்கே கோடுகள் மிகுதியோ அங்கே படமெடு என்பது இதன் கொள்கை. அப்படியானால் 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள். ஒன்றரைக் கோடி என்றே வைத்துப் பெருக்கினாலும் 937 கோடியே 50 லட்சம் கோடுகளை ஓர் அரசு தன் குடிகளுக்கு இலவசமாக வழங்கியிருக்கிறது. உலக வரலாற்றில் இதற்கு இணையான கோட்டுக்கொடை உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். இலவசங்கள் குறித்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் விரிவாகத் தீர்ப்புச் சொன்னது. கோடுகளைப் பற்றி அதில் பேச்சில்லை. இம்மதத்தை நாம் மறுப்பதற்குக் காரணம் வேறு: 14 அங்குலத் திரையில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். நல்ல கண்ணும் நான்கடிக்கு அப்பால் அதைப் பிரித்தறியாது. நான்கடிக்குள் போனாலோ, கலர் ட்யூபில் கோடு தெரியுமுன் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள்தான் முந்திக்கொண்டு தெரியும். கொடுத்தவரும் வாங்கியவரும் காணாத கொடை அது.

சுபக்கம்

நம் கொள்கை இது: கோட்டைக் கண்டவர் யாரோ, அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டாரோ, அதுவே கோடு காட்டத் தகுந்த படம்.

கண்டவர் யார்? கறுப்பு வெள்ளை டிவியில் கலர்ப் பொட்டுகள் இல்லை. கோடு தன் உருவிலேயே தெரியும். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான 20 அங்குலப் பெட்டிகளில் கோட்டின் இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கண்ணின் கூர்மைக் கணக்குப்படி அது தெரியும் எல்லை ஐந்தரை அடி. ஐந்தரை அடிக்கு அப்பால் இருப்பவருக்குப் படம். உள்ளே இருப்பவருக்குக் கோடு.

இனி, வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் ஹாலை நினைத்துக்கொள்க. டிவிக்கு நேரெதிரே சுவரோரம் நாற்காலியில் வீட்டுக்காரர். பக்கத்தில் பெஞ்சில் உறவுக்காரர்கள். கதவோரம் குடித்தனக்காரர்கள், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. அடுத்த தெருக்காரர்களுக்கு ஜன்னல். நடுவே, சிமென்ட் தரையில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும். “தள்ளி உக்காருங்கடா, கண்ணு கெட்டுடும்” என்று வீட்டுக்கார அம்மா சொல்லச் சொல்ல அந்தக் கூட்டம் அங்குலம் அங்குலமாக முன்னேறிக்கொண்டே இருக்கும். ஐந்தரை அடிக்குள் இருந்தவர்கள் இவர்கள் மட்டுமே. ஆகவே ஸ்கேன் கோடு என்பது தரையில் உட்கார்ந்தவர்களின் அனுபவம். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுதிய நினைவுக் கட்டுரைகளில் கோடு வருமானால் அது பிறர் சொல்லக் கேட்டது. நாற்காலியும் தரையும் எப்படிப் பிரிந்தன, யாருக்கு எது என்று யார் தீர்மானித்தார்கள் என்பதை இவ்வாராய்ச்சி தொடவில்லை. அது டிவி வருவதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தது.

இங்கே ஒரு தடை. தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடிய பிள்ளைகள் எழுந்து, “நாங்களும் கோடு பார்த்தோமே, நல்லாத் தெரியும், நடுவுல கறுப்பா இருக்கும்” என்பார்கள். மெய்தான். அந்தச் சின்ன இயந்திரங்கள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று மாற்றிப் போடாமல், போட்ட கோட்டின்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டன. நடுக்கோடுகள் இருட்டாகவே கிடந்தன. கன்ட்ரோலரின் வயரும் குட்டை, ஆகவே அவர்களும் ஐந்தரை அடிக்குள்தான். இன்று உலகெங்கும் ‘பழைய டிவி’ என்று போடப்படும் கறுப்புக் கோட்டுப் படங்களின் உண்மையான தாயகம் இந்த மாரியோவும் காண்ட்ராவும்தான், தூர்தர்ஷன் அன்று. விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர் அந்தப் படத்தைத் தாராளமாகப் போடட்டும். ஒளியும் ஒலியும் பற்றி எழுதுகிறவர் போட்டால் பொய்.

சரி, தரைக்கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது என்ன? பாட்டு ஓடும்போது கோட்டைக் கவனிக்க எவருக்கும் மனமில்லை. பாட்டு நின்றபோதுதான் கவனம் கண்ணாடிக்குத் திரும்பியது. அப்போது திரையில் நின்றது ஒரே படம்: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை. அது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்தார்கள். பிள்ளைகள் எழுந்தால் இடம் போய்விடும். ஆகவே உட்கார்ந்து அட்டையையே பார்த்தார்கள். கோட்டுக்கும் கண்ணுக்கும் தடையற்ற சந்திப்பு நேர்ந்தது அங்கேதான்.

அந்த அட்டை தற்செயலாகவும் தகுதி பெற்றது. அதில் 14 எழுத்துகள். நான்கு எழுத்துகளுக்குத் தலையில் புள்ளி, நான்கு உகரங்கள். டகரத்தின் அடிக்கோடு கிடையாக ஓடுவதால் விபூதிப் பட்டையின் துடிப்பைக் காட்டும்; அதன் நிமிர்ந்த கோடு நாமம் போல அசையாது நிற்கும். உகரத்தின் வளைவுகளும் இரட்டைக் கொம்பின் சுழியும் கிட்டே போய்ப் பார்த்தால் படிப்படியாக உடையும். புள்ளி பெரிய எழுத்தில் சில கோடுகளில் வட்டமாக அமரும். திரையின் அடியில் வரும் பொடி எழுத்திலோ ஒரே கோட்டில் மாட்டிக்கொண்டு கண் சிமிட்டும். கிடை, செங்குத்து, வளைவு, புள்ளி நான்கையும் ஒரே வாக்கியத்தில் சோதிக்கும் இப்படியொரு படத்தைப் பொறியாளர்கள் திட்டமிட்டிருந்தாலும் வரைந்திருக்க முடியாது.

மேற்கோள் வேண்டுவோர்க்கு: 1950 ஜனவரியில் தேனாம்பேட்டையில் நடந்த கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் டிவியைச் செய்து காட்டியதாக இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. இந்தியாவில் இதுவே முதலாக இருக்கலாம் என்றும் அந்தச் செய்தி சொன்னது. அவர் ஸ்கேன் செய்து ட்யூபில் வரவழைத்தது முகத்தையோ கோபுரத்தையோ அன்று, எழுத்தை. சென்னையின் முதல் தேர்வும் எழுத்தே, நம் தேர்வும் எழுத்தே.

படமெடுக்கும் முறை

அட்டைக்கு இன்னொரு சிறப்பு, அது அசையாது என்பது. பிக்சர் ட்யூபைக் கேமராவில் பிடிப்பது எளிதன்று. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் எடுத்தால் பதினைந்து, பதினாறு கோடுகள்தான் பளிச்சென்று விழும். மீதித் திரை மங்கிக் கிடக்கும். ஐம்பதில் ஒரு பங்கில் எடுத்தால் அரைப் படம். ஒன்றுவிட்டு ஒன்று கோடு இல்லாமல் கறுப்பு இடைவெளி தெரியும், அழகாகவும் இருக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தக் கறுப்பு, டிவியில் இருந்ததன்று. அவசரப்பட்ட கேமரா விட்டுவிட்ட பாதி. இருபத்தைந்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட மெதுவாக வைத்தால்தான் 576-உம் வந்து சேரும். அவ்வளவு மெதுவாக எடுத்தால் ஆடுகிற நடிகை கலைந்துபோவார். அட்டை கலையாது.

எனவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பம்மலிலோ சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை ஓடவிடுங்கள். இன்று அதற்கு நேரடி ஒளிபரப்பு கிடையாது. அந்த 14 எழுத்துகளை வெள்ளையாக எழுதி, படமாக்கி, பழைய டிவிடி பிளேயர் வழியாகக் கொடுங்கள்; பெட்டியில் ஏவி சாக்கெட் இல்லையென்றால் நடுவில் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பா வேண்டும், ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஸ்டாண்டில் கேமராவை வைத்து, ஐந்தரை அடிக்குள்ளிருந்து எடுங்கள். படம் வரவில்லை என்றால் பின்மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.